அசையாத ட்ரெயின் போல்ட்: கையில் தெரியும் அறிகுறியும் அதற்கேற்ற வழியும்

காரின் ஆயிலை வீட்டிலேயே மாற்றலாம் என்று புது ஆயில், ஃபில்டர், பழைய ஆயிலைப் பிடிக்கும் தட்டு எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்த பிறகு, என்ஜின் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பின் அடியிலுள்ள, ஆயிலை வடிப்பதற்கான ட்ரெயின் போல்ட் இம்மியும் அசையவில்லை என்றால், நம்மில் பெரும்பாலோர் முதலில் சந்தேகப்படுவது துருவைத்தான். உடனே மண்ணெண்ணெயையோ டபிள்யூடி-40 டப்பாவையோ தேடுகிறோம். ஊறட்டும் என்று ஒரு மணி நேரம் விட்டுவிட்டு வந்து பார்த்தாலும் போல்ட் அப்படியே இருக்கிறது. இருக்கத்தான் செய்யும். அந்த போல்ட்டின் மரை உட்புறத்திலிருந்து எப்போதும் ஆயிலில் நனைந்திருப்பதால் அங்கே துரு ஏறுவது அரிது. திருநெல்வேலி பேட்டைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் இதை ஒரே வாக்கியத்தில் சொல்வார்: "ஆயிலுக்குள்ளயே கெடக்க போல்டுக்குத் துரு எங்கன இருந்து வரும் தம்பி? போன தடவ இறுக்குனவன் கையப் போய்ப் பாருங்க."

அவர் சொல்வதில் கணக்கும் இருக்கிறது. நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் பெரும்பாலான சிறிய கார்களுக்கு இந்த போல்ட்டை இறுக்க வேண்டிய அளவு ஏறக்குறைய 30 முதல் 45 நியூட்டன் மீட்டர் (திருகு விசையை அளக்கும் அலகு) வரைதான். 25 செ.மீ. நீளமுள்ள ரிங் ஸ்பேனரின் நுனியில் சுமார் 14 கிலோ விசையில் இழுத்தால் 35 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். ஒரு கையால், மூச்சுப் பிடிக்காமல் செய்யக்கூடிய வேலை அது. அதே ஸ்பேனரில் பைப்பைச் சொருகி 60 செ.மீ. ஆக்கி, 70 கிலோ எடையுள்ள ஒருவர் அதன்மேல் ஏறி மிதித்தால் 400 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகிறது. காற்றுத் துப்பாக்கியால் அடித்து இறுக்கும் சர்வீஸ் நிலையங்களிலும், "ஒழுகக் கூடாது" என்ற ஒரே கவலையில் இரண்டு கையாலும் இறுக்கும் இடங்களிலும் இப்படித்தான் போல்ட் சிக்கிக்கொள்கிறது. ஆகவே இதைத் துரு நோயாகப் பார்க்காமல், அளவு மீறிய இறுக்கமாகப் பார்த்து, ஸ்பேனர் வழியாகக் கைக்கு என்ன தெரிகிறது என்பதை வைத்து அடுத்த அடியை முடிவு செய்வதே முறை. கைக்குத் தெரியும் அந்த அறிகுறிகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டவை. ஒன்றுக்குச் சரியான வைத்தியம் இன்னொன்றைக் கெடுத்துவிடும்.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்

வண்டியோடு வரும் ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. மற்ற வேலைகளைவிட இதில் ஆபத்து அதிகம்; ஏனென்றால் இறுகிய போல்ட்டை நீண்ட பிடியால் இழுக்கும்போது அந்த விசை வண்டியையே பக்கவாட்டில் அசைக்கும். இருபுறமும் ஸ்டாண்டு வைத்து, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுத்தான் படுக்க வேண்டும். மானூர்ப் பக்கத்துக் கரிசலிலும், வயலை ஒட்டிய வீட்டு முற்றங்களிலும் தரை பார்வைக்குக் கெட்டியாகத் தெரிந்தாலும், ஸ்டாண்டின் நான்கு கால்களும் மெல்ல உள்ளே இறங்கிவிடும். அடியில் கனமான பலகை போடாமல் அங்கே வேலை செய்வது சரியன்று. வண்டியின் உயரம் இடம் கொடுத்தால், தூக்குவதற்கு முன்பே, நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்போதே, போல்ட்டின் முதல் இறுக்கத்தை உடைத்துவிட்டு, கைக்கு இறுகும் அளவில் வைத்துவிட்டுப் பிறகு தூக்குவது எல்லாவற்றிலும் நல்லது.

என்ஜின் இளஞ்சூடாக இருப்பது நல்லது. ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, கால் மணி நேரம் ஆறவிட்டால் போதும். அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும் என்பதால், அலுமினிய சம்ப்பில் போல்ட்டின் பிடி சூட்டில் சற்றுத் தளரும் என்பார்கள். அதில் கிடைக்கும் லாபம் சிறிதுதான். ஆயில் இளகி முழுவதுமாக வடியும் என்பதே சூடேற்றுவதன் முதன்மையான பயன். நெடுந்தூரம் ஓட்டி வந்தவுடன் கழற்றினால் 90, 100 டிகிரிச் சூட்டில் ஆயில் முழங்கை வழியாக வழியும். அந்த அவசரம் தேவையில்லை.

இரண்டு ஐயங்களையும் முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று, இது என்ஜின் ட்ரெயின் போல்ட்தானா என்பது. முன்சக்கர இழுவை வண்டிகளில் கியர்பாக்ஸின் ட்ரெயின் போல்ட்டும் பக்கத்திலேயே இருக்கும். அதோடு மல்லுக்கட்டிக்கொண்டு "அசையவில்லை" என்று சொல்பவர்கள் உண்டு. ஆயில் ஃபில்டர் எந்தப் பகுதியில் பொருத்தப்பட்டிருக்கிறதோ அதுவே என்ஜின். அதன் அடியில் அகன்ற தொட்டியாகத் தெரிவதே சம்ப். மற்றொன்று திசை. போல்ட்டின் தலையை நேருக்கு நேர் பார்க்கும்போது கடிகார முள் சுற்றுவதற்கு எதிர்த்திசையில் திருப்பினால்தான் கழலும். வண்டியின் முன்புறத்திலிருந்து கையை நுழைத்து, பின்பக்கம் பார்த்திருக்கும் தலையைத் தடவிப் பிடிக்கும்போது இந்தத் திசை கண்ணுக்குத் தலைகீழாகத் தெரிவதால், கழற்றுவதாக எண்ணிக்கொண்டு இன்னும் இறுக்கிவிடுவது மிக எளிது. தலையை நேராகப் பார்க்கும்படி படுக்க இடமில்லாவிட்டால், ஒரு திசையில் மட்டும் திருகும் பிடியான ராட்செட்டின் திசையை மேலே கண்ணெதிரே இருக்கும் வேறொரு போல்ட்டில் வைத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டு கீழே கொண்டு போகலாம்.

ஸ்பேனர் தலையில் உறுதியாக உட்காருகிறது. போல்ட் மட்டும் அசையவில்லை

இதுவே அதிகம் காணப்படும் நிலை; நல்ல நிலையும் இதுதான், ஏனெனில் இன்னும் எதுவும் கெடவில்லை. இங்கே செய்யக் கூடாதது, டபுள் எண்ட் ஸ்பேனரை வைத்து முக்குவது. அது தலையின் இரண்டு பக்கங்களை மட்டுமே பிடிக்கும். விசை கூடினால் வாய் சற்றே விரிந்து முனைகளை மழுக்கிவிடும். பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனர் அதைவிட மேல். தலையின்மேல் குல்லாய் போல இறங்கும் ஆறு முனை சாக்கெட் எல்லாவற்றிலும் மேல். அது தலையின் முனையைப் பிடிக்காமல் பக்கத்தைப் பிடிக்கிறது. இறுகிய போல்ட்டுக்கு ஆறு முனை சாக்கெட்டைத் தவிர வேறெதையும் வைக்க வேண்டாம் என்பதே என் எண்ணம். அந்த ஒரு சாக்கெட்டைத் தனியாக வாங்கும் செலவு, தலை மழுங்கியபின் பட்டறைக்குக் கொடுக்கும் கூலியில் சிறு பங்குகூட ஆகாது.

சாக்கெட்டை வைப்பதற்கு முன் தலையைச் சுத்தம் செய்ய வேண்டும். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து வயல் சேறு காய்ந்து தலையைச் சுற்றிச் சிமென்ட் போலப் பிடித்திருக்கும். அதன்மேல் சாக்கெட் பாதி ஆழம்தான் இறங்கும். கம்பித் தூரிகையால் தேய்த்துத் துணியால் துடைத்து, சாக்கெட் தலையின் அடிவரை இறங்குகிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

அடுத்து, போல்ட்டின் தலைக்கு நேராகப் பித்தளைக் கம்பியோ தடித்த பஞ்ச்சோ வைத்து, சுத்தியலால் மூன்று நான்கு முறை அளவாகத் தட்டலாம். வாஷர் நெடுநாள் அழுந்திக் கிடந்து சம்ப்போடும் தலையோடும் ஒட்டிக்கொண்டிருக்கும் பிடியை இது விடுவிக்கும். அலுமினிய சம்ப் என்றால் இங்கே கை அடங்கியிருக்க வேண்டும். வார்ப்பு அலுமினியம் நசுங்காது, கீறலாக வெடிக்கும்.

பிறகு நீண்ட பிடி. ராட்செட்டைக் கொண்டு முதல் இறுக்கத்தை உடைக்கக் கூடாது. அதன் உள்ளே உள்ள பற்கள் அதற்கானவை அல்ல. பற்கள் இல்லாத பிடிகளான ஸ்லைடிங் டி-பாரோ நீண்ட பிரேக்கர் பாரோ வேண்டும். பிரேக்கர் பார் இல்லாத வீட்டில், மோட்டார் பம்புசெட்டுக்கு வாங்கி மிச்சம் கிடக்கும் ஜி.ஐ. பைப்பில் இரண்டடித் துண்டை டி-பாரின் மேல் சொருகிக்கொள்ளலாம். ஒரு கையால் சாக்கெட்டின் தலைப்பகுதியைப் போல்ட்டை நோக்கி அழுத்திப் பிடித்து, மறு கையால் பிடியின் நுனியைத் தன் பக்கமாக இழுக்க வேண்டும். தள்ளினால், போல்ட் திடீரென்று விடும்போது விரல் முட்டி சம்ப்பிலோ தரையிலோ மோதும். மெல்ல மெல்ல விசையைக் கூட்டிக்கொண்டே போவதைக் காட்டிலும், பிடி தளராமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு அதன் நுனியில் ரப்பர் சுத்தியலால் ஒரு சுருக்கான அடி கொடுப்பது நன்றாக வேலை செய்யும். நின்றுபோன உராய்வை உடைக்கத் தேவையான விசை அந்த ஒரு கணத்தில் கிடைத்துவிடும்.

போல்ட் விடும்போது "டக்" என்று ஒரு தெளிவான சத்தமும், கையில் ஒரு சிறு துள்ளலும் தெரியும். அதன்பின் எளிதாகத் திரும்பினால் வேலை முடிந்தது. "டக்" என்று வராமல், பிடி ரப்பரைத் திருகுவதுபோல மெத்தென்று நகர்கிறது என்றால் உடனே நிறுத்திவிட வேண்டும். அங்கே போல்ட் கழலவில்லை. தலை மழுங்குகிறது, அல்லது சம்ப் வளைகிறது. எது என்று வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, கீழே உரிய தலைப்புக்குப் போகலாம்.

எவ்வளவு விசை வரை போகலாம் என்றும் கேட்பார்கள். இரண்டடிப் பைப்பில், ஒரு மூட்டையை நகர்த்தும் அளவுக்கு, ஏறத்தாழ 30 கிலோ விசையில் இழுத்தால் 180 நியூட்டன் மீட்டர் வருகிறது. சரியாக இறுக்கிய போல்ட்டுக்கு வேண்டியதைப் போல இது ஐந்து மடங்கு. அதற்கும் அசையாத போல்ட்டை அதற்குமேல் வீட்டில் முயலக் கூடாது.

ஸ்பேனர் வழுக்குகிறது, தலையின் முனைகளில் பளபளப்பு தெரிகிறது

தலையின் ஆறு முனைகளில் எங்கேயாவது புதிதாகத் தேய்ந்த வெள்ளைப் பளபளப்பு தெரிந்தால், அளவு பொருந்தாத ஸ்பேனரை வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். நம் பக்கத்தில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. கிணற்றுப் பாசனம் உள்ள வீடுகளில், பழைய ஆயில் என்ஜினுக்காகவும் பம்புசெட்டுக்காகவும் வாங்கிய அங்குலக் கணக்கு ஸ்பேனர்கள் இன்னும் கருவிப் பெட்டியில் கிடக்கும். மாருதி, ஹூண்டாய், ஹோண்டா கார்கள் பலவற்றில் ட்ரெயின் போல்ட்டின் தலை 17 மி.மீ. அளவுடையது. பெட்டியில் கிடக்கும் 11/16 அங்குல ஸ்பேனர் அதில் அழகாக உட்காருவதுபோலத் தெரியும். ஆனால் 11/16 அங்குலம் என்பது 17.46 மி.மீ.; கிட்டத்தட்ட அரை மி.மீ. இடைவெளி. சாதாரணமாக இறுக்கிய போல்ட்டை அது கழற்றிவிடும்; அளவு மீறி இறுக்கிய போல்ட்டில் அந்த அரை மில்லிமீட்டரில்தான் முனை உருளத் தொடங்குகிறது. 19 மி.மீ. தலைக்கு மட்டும் 3/4 அங்குலம் ஏறக்குறைய அச்சாகப் பொருந்தும், 19.05 என்பதால். மற்றபடி ஸ்பேனரின் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் படிக்காமல் கை அளவில் தேர்ந்தெடுப்பதை விட்டுவிட வேண்டும்.

டொயோட்டா வண்டிகள் பலவற்றில் 14 மி.மீ. தலை இருக்கும். ரெனோ டஸ்டரில் தலையே இருக்காது, 8 மி.மீ. சதுரக் குழிதான் இருக்கும், அதற்குத் தனிச் சாவி வேண்டும். குறடாலும் ஸ்க்ரூ டிரைவராலும் அதை முயல்வது வீண்.

முனைகள் சற்றே மழுங்கிய நிலையில் இருந்தால், சரியான அளவுள்ள ஆறு முனை சாக்கெட்டை லேசாகத் தட்டி இறக்கி முன்சொன்னபடி முயலலாம். பெரும்பாலும் விட்டுவிடும்.

தலை உருண்டையாகிவிட்டது

சாக்கெட் சுற்றுகிறது, தலை சுற்றவில்லை. இப்போது இன்னும் ஒருமுறை முயன்று பார்ப்பது என்பதே கிடையாது. ஒவ்வொரு முயற்சியிலும் பிடிப்பதற்கு மிச்சமிருக்கும் இரும்பு குறைகிறது. 17 மி.மீ. தலை என்றால் 16 மி.மீ. ஆறு முனை சாக்கெட்டை எடுத்து, தலையின்மேல் வைத்து, சுத்தியலால் அடித்து இறக்க வேண்டும். அது மழுங்கிய முனைகளைச் சீவிக்கொண்டு புதிதாகத் தனக்கு ஒரு பிடி உண்டாக்கிக்கொள்ளும். அப்படி அடித்திறக்கிய சாக்கெட் போல்ட்டோடு சேர்ந்தே வரும். பிறகு வைஸில் பிடித்துப் பிரித்துக்கொள்ளலாம். பழைய சாக்கெட் ஒன்றை இதற்கென்று பலி கொடுப்பது நல்லது.

உட்புறம் சுருள் பற்கள் கொண்ட எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட் கிடைத்தால் அது இன்னும் மேல். திருகத் திருக இன்னும் ஆழமாகக் கடிக்கும். பூட்டிப் பிடிக்கும் குறடான வைஸ் கிரிப்பைப் பொறுத்தவரை எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. தலை தடிமனாகவும், சுற்றிலும் இடம் தாராளமாகவும் இருந்து, தாடையைத் தலையின் முழு ஆழத்துக்கும் கொடுத்து இறுக்க முடிந்தால் மட்டும் அது பயன்படும். இல்லையென்றால் உருண்டையை இன்னும் மெருகேற்றும்.

உளி வைத்து அடிப்பது பட்டறைகளில் வழக்கம். தலையின் விளிம்பில் சிறு வெட்டு உண்டாக்கி, அந்த வெட்டில் உளியைச் சாய்த்து வைத்து, கழலும் திசையில் அடிக்க வேண்டும். பலன் தரும் வழிதான். ஆனால் உளி ஒருமுறை சறுக்கினால் வாஷர் உட்காரும் சம்ப்பின் முகத்தில் கோடு விழும், அந்தக் கோட்டின் வழியாகவே பிற்பாடு ஆயில் கசியும். தகட்டு சம்ப்பில் இதைச் செய்யலாம். அலுமினிய சம்ப்பில் வேண்டாம். தலையின்மேல் நட்டை வைத்து வெல்டிங் அடித்துக் கழற்றும் முறை எல்லாவற்றிலும் உறுதியானது. அந்தச் சூடும் சேர்ந்து பிடியை விடுவிக்கும். ஆனால் ஆயிலும் ஆயில் ஆவியும் நிறைந்த தொட்டியின்மேல் செய்யும் வேலை அது. பேட்டரி இணைப்பைக் கழற்றி, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பழகியவர் செய்யட்டும். அதே காரணத்தால் கேஸ் டார்ச்சின் தீயைப் போல்ட்டின்மேல் காட்டுவதும் வீட்டில் கூடவே கூடாது.

உள்குழித் தலையில் ஆலன் கீ நிற்கவில்லை

தலையின் நடுவில் ஆறு பக்கக் குழியுள்ள போல்ட்டை, அதில் நுழையும் ஆலன் கீ என்ற சாவியால் கழற்ற வேண்டும். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணலில் ஓடும் வண்டிகளில் அந்தச் சாவி நிற்காமல் போவதைப் பார்க்கலாம். குழி கீழ்நோக்கிப் பார்த்திருப்பதால் மணல் தங்காது என்று தோன்றும். ஆனால் ஆயில் ஈரத்தில் அந்தச் செம்மணல் ஒட்டி, அடுக்கடுக்காக இறுகி, குழியின் பாதியை அடைத்துவிடும். சாவி மேலோட்டமாக மட்டும் பிடித்து, இழுத்தவுடன் வழுக்கிக் குழியின் விளிம்பை வழித்துவிடும். கோணி ஊசியால் மணலைக் குத்தி எடுத்து, மண்ணெண்ணெய் தொட்ட தூரிகையால் கழுவி, சாவி எவ்வளவு ஆழம் போகிறது என்று வெளியே அடையாளம் வைத்துப் பார்த்த பிறகே திருக வேண்டும். இந்த ஒரு சுத்தம் செய்தால் பெரும்பாலான "சிக்கிய" போல்ட்கள் சிக்கியவையே அல்ல என்று தெரியும்.

தலையைச் சுற்றித் துரு படர்ந்திருக்கிறது

மரையில் துரு அரிது என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இரண்டு விலக்குகள் உண்டு. உவரி, இடிந்தகரை, கூத்தன்குழி போன்ற கடலோர ஊர்களில் நாள்தோறும் உப்புக் காற்றில் நிற்கும் வண்டிகள் ஒன்று. வெள்ளத்தில் நின்ற வண்டிகள் மற்றொன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரை மீறியபோது, தாழ்வான தெருக்களில் பல வண்டிகள் தண்ணீரில் கிடந்தன. அப்படி நின்ற வண்டியை இப்போது வாங்கியிருப்பவர்கள் ட்ரெயின் போல்ட்டில் கை வைப்பதற்கு முன் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்க வேண்டும். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது; அந்த வண்டியைச் சூடேற்றுவதற்காகக்கூட ஓடவிடக் கூடாது.

இந்த இரண்டு நிலைகளிலும் துரு பிடிக்கும் இடம் தலைக்கும் சம்ப்புக்கும் இடையிலுள்ள விளிம்பு. ஊடுருவும் எண்ணெய் பயன்படும் இடம் இது ஒன்றுதான். கம்பித் தூரிகையால் துருவை உதிர்த்து, வாஷரின் விளிம்பைச் சுற்றி எண்ணெயை அடித்து, தலையைத் தட்டி, மறுபடி அடித்து, இரவு முழுவதும் விட வேண்டும். எண்ணெய் ஈர்க்கப்பட்டு உள்ளே போவதற்கு அந்தத் தட்டல்தான் வழி திறக்கிறது. தட்டாமல் வெறுமனே ஊறவிடுவதில் பயன் குறைவு. துரு தின்று தலையின் அளவே குறைந்திருந்தால், மேலே உருண்டைத் தலைக்குச் சொன்ன வழிதான்.

சிறிது திரும்புகிறது, பிறகு மறுபடி இறுகுகிறது

முதல் இறுக்கம் உடைந்து, கால் சுற்று வந்தபின் மீண்டும் பிடிக்கிறது என்றால், போன தடவை போல்ட் கோணலாக ஏற்றப்பட்டு மரை பின்னியிருக்கலாம், அல்லது அலுமினியத் துணுக்கு மரையில் சிக்கியிருக்கலாம். விடாமல் இழுத்தால் சம்ப்பின் மரை மொத்தமாகப் போல்ட்டோடு வந்துவிடும். கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே என்று முன்னும் பின்னுமாகத் திருப்பி, இடையிடையே ஆயிலை விட்டு, பொறுமையாக வெளியே கொண்டுவர வேண்டும். உள்ளிருந்து கசியும் ஆயிலே இந்த இடத்தில் உதவும். வெளியே வந்த போல்ட்டின் மரையில் வெள்ளி நிறத் துணுக்குகள் ஒட்டியிருந்தால் அந்த போல்ட்டை மறுபடி பயன்படுத்தாமல் புதிது வாங்குங்கள்.

சுற்றிக்கொண்டே இருக்கிறது, வெளியே வரவில்லை

இது சிக்கிய போல்ட் இல்லை, மரை போன போல்ட். அலுமினிய சம்ப்பில் உள்மரை உருவிப்போயிருக்கும். தகட்டு சம்ப் என்றால், உட்புறம் வெல்டிங் வைத்த நட்டு பெயர்ந்து போல்ட்டோடு சேர்ந்து சுற்றுகிறதா என்றும் பார்க்க வேண்டும். தலையின் அடியில் மெல்லிய ஸ்க்ரூ டிரைவர் இரண்டை எதிரெதிராகக் கொடுத்து வெளிப்பக்கம் நெம்பிக்கொண்டே திருப்பினால், மிச்சமிருக்கும் ஓரிரு மரையைப் பிடித்து அலுமினிய சம்ப்பில் போல்ட் வந்துவிடும். பெயர்ந்த நட்டுக்கு இந்த வழி செல்லாது. சம்ப்பைக் கழற்றத்தான் வேண்டும்.

வந்த பிறகு என்ன செய்வது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தானே மரை வெட்டிக்கொண்டு ஏறும் ஓவர்சைஸ் போல்ட்டை உதிரிபாகக் கடைகளில் தருவார்கள். விலை மலிவு, வேலை பத்து நிமிடம். ஆனால் அது நேராக ஏறுவது கையின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. சற்றுக் கோணினாலும் வாஷர் ஒருபக்கம் தூக்கும். வண்டியை வைத்துக்கொள்ளப் போகிறவர் லேத் பட்டறையில் ஹெலிகாயில், அதாவது போன மரைக்குப் பதிலாக உள்ளே பொருத்தும் கம்பிச் சுருள் மரை, வைத்துக்கொள்வதே நல்லது. பழைய அளவு போல்ட்டையே பிறகும் பயன்படுத்தலாம். சம்ப்பைக் கழற்றாமல் வண்டியிலேயே மரை வெட்டுவதானால், மரை வெட்டும் கருவியான டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் நிரப்பித் துணுக்குகளை அதிலேயே பிடிக்க வேண்டும். பிறகு கொஞ்சம் ஆயிலை மேலிருந்து ஊற்றிக் கழுவி வெளியேற்ற வேண்டும்.

போல்ட்டோடு சேர்ந்து சம்ப்பும் முறுக்குகிறது

தகட்டு சம்ப்பில் போல்ட்டைச் சுற்றியுள்ள தகடு அசைவது கண்ணுக்குத் தெரிந்தால் இழுப்பதை நிறுத்துங்கள். இங்கே நீண்ட பிடி எதிரி. பிடியை நீட்டாமல் குறுகிய பிடியில் சுத்தியலால் சுருக்கான அடிகளாகக் கொடுப்பது மட்டுமே பாதுகாப்பான முயற்சி; அதற்கும் விடவில்லை என்றால் பட்டறைக்குப் போக வேண்டியதுதான்.

தலை ஒடிந்துவிட்டது

பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் இது அவ்வளவு மோசமில்லை. போல்ட்டைப் பிடித்திருந்த இறுக்கம் தலை போனதுமே போய்விடுவதால், உள்ளே இருக்கும் தண்டு பல நேரம் விரலால் தள்ளும் அளவுக்குத் தளர்ந்திருக்கும். நடுவில் புள்ளி குத்தி, இடப்பக்கம் சுழலும் டிரில் பிட்டால் மெதுவாகத் துளைத்தால், துளைக்கும்போதே வெளியே வந்துவிடுவதும் உண்டு.

கழன்றது; ஆனால் வருவது என்ஜின் ஆயில் இல்லை

கறுப்பாக இல்லாமல் தேன் நிறத்தில், கந்தக நெடியோடு கெட்டியாக வந்தால், திறந்தது கியர்பாக்ஸ். உடனே மூடிவிட்டு, போன அளவை அதற்குரிய ஆயிலால் நிரப்பாமல் வண்டியை எடுக்கக் கூடாது.

எதற்கும் மசியவில்லை

இந்த ஒரு தடவைக்கு போல்ட்டை விட்டுவிடலாம். டிப்ஸ்டிக் குழாய் வழியாக மெல்லிய குழாயை இறக்கி ஆயிலை உறிஞ்சி எடுக்கும் கைப்பம்புகள் கிடைக்கின்றன. குழாய் சம்ப்பின் அடிவரை போகும் வண்டிகளில் ஏறக்குறைய முழு ஆயிலும் வந்துவிடும். அடியில் படியும் கசடு மட்டும் தங்கும் என்பதால் இதையே வழக்கமாக்கிக்கொள்வதை நான் விரும்புவதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலை, கடைகள் எல்லாம் அடைத்த பிறகு, வண்டியை ஸ்டாண்டிலேயே விட்டுவைப்பதற்கு இது எவ்வளவோ மேல். எடுத்த ஆயிலை எந்த வாய்க்காலிலும் ஊற்றக் கூடாது. கரையானுக்கென்று பனஞ்சட்டத்தில் பூசுவதும் நல்ல பழக்கமில்லை. 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி பழைய ஆயில் அபாயக் கழிவு. கேனில் மூடி, பழைய ஆயிலைச் சேகரித்து அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்கும் பட்டறையில் கொடுத்துவிடலாம்.

திரும்பப் போடும்போது

அடுத்த முறை இதே போல்ட் சிக்காமல் இருப்பது இப்போது செய்வதைப் பொறுத்தது. போல்ட் ஆயிலை அடைப்பது மரையால் அல்ல, வாஷரின் முகத்தால். ஆகவே மரையில் எம்-சீல் பூசுவதும், குழாய் வேலைக்கான டெஃப்லான் டேப் சுற்றுவதும் பயனற்றவை. கிழிந்த டேப் துணுக்கு ஆயில் பம்பின் சல்லடையில் போய்ச் சிக்கும் ஆபத்தும் உண்டு. புது வாஷர் போட வேண்டும். செம்பு வாஷர் கைவசம் இல்லாமல் போனால், பழையதையே இடுக்கியால் பிடித்து அடுப்புத் தீயில் மங்கிய சிவப்பாகும்வரை காட்டி, தண்ணீரில் போட்டு, மேலே படியும் கறுப்புச் செதிலைத் துடைத்துவிட்டுப் பயன்படுத்தலாம். நசுங்கி இறுகிப்போன செம்பு சூட்டில் மீண்டும் மெத்தென்று ஆகிவிடும். அலுமினிய வாஷரில் இதைச் செய்யக் கூடாது. அது சிவக்காமலே உருகிவிடும்.

போல்ட்டையும் அது உட்காரும் முகத்தையும் துடைத்து, முதல் நான்கைந்து சுற்றை விரலாலேயே ஏற்ற வேண்டும். விரலால் ஏறாத போல்ட்டை ஸ்பேனரால் ஏற்றுவதுதான் கோணல் மரையின் தொடக்கம். இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச் இருந்தால் வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கலாம். இல்லையென்றால், 25 செ.மீ. ஸ்பேனரில் ஒரு கையால், பைப் இல்லாமல், வாஷர் அழுந்துவது தெரியும்வரை இறுக்கினால் போதும்.

போட்ட பிறகு சொட்டுகிறது

ஆயில் ஊற்றி, என்ஜினை ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, போல்ட்டைச் சுற்றித் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, அடியில் ஒரு செய்தித்தாளை விரித்து மறுநாள் காலையில் பாருங்கள். கழற்றும்போது வழிந்து சம்ப்பின் விளிம்பில் தங்கிய ஆயில்கூட ஓரிரு சொட்டு விழும். எனவே தாளைப் பார்ப்பதைவிட, போல்ட்டின் தலையை விரலால் தொட்டுப் பார்ப்பதே நம்பகமானது. தலை ஈரமாக இருந்தால் கால் சுற்றுகூட அல்ல, ஒரு மயிரிழை இறுக்கிப் பார்க்கலாம். அதற்கும் நிற்கவில்லை என்றால் மேற்கொண்டு இறுக்காதீர்கள். சுத்தமான தட்டில் ஆயிலைப் பிடித்துக்கொண்டு, போல்ட்டைக் கழற்றி, வாஷரில் பழைய வாஷரின் துண்டு ஏதாவது ஒட்டி இரட்டையாகியிருக்கிறதா என்று முதலிலும், சம்ப்பின் முகத்தில் உளிக்கோடு இருக்கிறதா என்று அடுத்தும் பார்த்து, கோடு இருந்தால் எண்ணெய்க் கல்லால் (கருவி தீட்டும் கல்) அதைச் சமன் செய்து, புது வாஷரோடு மறுபடி போடுங்கள்.